சித்தாமூரில் சிந்தாமணி

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள ஊர் மேல்சித்தாமூர். பழைய நூல்களிலும் புலவர் வழக்கிலும் இதன் பெயர் சிற்றாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கே இருக்கிறது. மடத்துக்குத் தலைவராக வருகிறவர் யாராயினும் இலட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப் பெயர் அவருக்கு வந்துவிடும். காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த மடம்தான் பின்னாளில் இங்கே பெயர்ந்து வந்தது என்பது சமணர் மரபு. ஊரில் இரண்டு கோயில்கள் உண்டு. மலைநாதர் கோயிலில் ஒரு பாறையிலேயே பாகுபலி, பார்சுவநாதர் முதலியோரின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பார்சுவநாதர் கோயில் உயர்ந்த கோபுரமும் மானத்தம்பம் என்னும் தூணும் உடையது. அங்கே ஆண்டுதோறும் தேர் ஓடுகிறது. தேருக்குச் சுற்று வட்டாரத்துச் சமணர்களான நயினார் குடும்பங்கள் எல்லாம் வந்து சேரும்.

இந்தப் பகுதியில் சமணம் மிகப் பழையது. செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக ஒரே பாறையில் அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற துறவி 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. உடம்பை இவ்வளவு கடுமையாக ஒறுத்த ஒரு சமயம், பறக்கும் மயிலும் மந்திரமும் வானுலகப் பெண்களும் நிறைந்த கதைகளையும் தமிழில் மிகுதியாகத் தந்திருக்கிறது. இன்று மிகுகற்பனை நாவல் தொடர்களைப் பற்றி வாசகர்கள் பேசிக்கொள்ளும் எல்லாக் கேள்விகளையும் அந்தக் கதைகளை வைத்துத் தமிழர் முன்னமே கேட்டிருக்கிறார்கள். இது உண்மையா, பொய்யா? இவ்வளவு காதலும் போரும் எதற்கு? கதாசிரியர் நல்லவர்தானா? வேறு சமயத்தவர் இதைப் படிக்கலாமா? இந்தக் கேள்விகளின் வரலாற்றில் சித்தாமூருக்கு ஒரு தனி இடம் உண்டு.

சமணக் கதைகளுக்கு எல்லாம் அடியில் இருப்பது ஒரே உலகம். ஒவ்வொரு புலவரும் தனித்தனியாகக் கற்பனை செய்ததன்று அது. எல்லாருக்கும் பொதுவாக, விதிகளோடு அமைந்தது. காலம் ஏறுவதும் இறங்குவதுமான சக்கரம். ஏற்றத்துக்கு ஆறு பகுதி, இறக்கத்துக்கு ஆறு பகுதி. தொடக்கத்தில் மனிதர் உழைக்க வேண்டியதில்லை. பத்து வகைக் கற்பக மரங்கள் வேண்டியதைத் தந்தன. காலம் இறங்க இறங்க மரங்கள் வற்றின, பசி வந்தது, அரசு வந்தது. பரத கண்டத்தின் நடுவே வெள்ளிமலை. அதன் வடசாரலில் 60 நகரங்கள், தென்சாரலில் 50 நகரங்கள். அங்கே வாழ்பவர் வித்தியாதரர். அவர்களும் மனிதரே, விஞ்சை என்னும் கலையைப் பயின்றதால் வானில் பறப்பவர்கள். இந்த உலகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 63 பெருமக்கள் தோன்றுவர்: தீர்த்தங்கரர் 24, சக்கரவர்த்திகள் 12, பலதேவர் 9, வாசுதேவர் 9, பிரதிவாசுதேவர் 9. ஒரு நூலில் சிறு பாத்திரமாக வந்தவர் இன்னொரு நூலுக்குத் தலைவராவார். ஒரு பிறவியில் செய்தது மூன்றாம் பிறவியில், வேறொரு காவியத்தில், பலன் தரும்.

இந்த 63 பேரின் கதைகளை வடமொழியில் ஜினசேனரும் குணபத்திரரும் 9ஆம் நூற்றாண்டில் மகாபுராணமாகத் தொகுத்தார்கள். அதைத் தழுவித் தமிழில், வடமொழி கலந்த மணிப்பிரவாள உரைநடையில் எழுந்தது ஸ்ரீபுராணம். தமிழ்ச் சமண வீடுகளில் கதைக்கு மூலநூல் இதுதான். சூளாமணியில் வரும் திவிட்டனும் விசயனும் இந்தப் பட்டியலின் முதல் வாசுதேவரும் முதல் பலதேவரும் ஆவர். மேருமந்தர புராணத்தில் வரும் இருவர் ஒரு தீர்த்தங்கரரின் கணதரர்கள், அதாவது தலைமைச் சீடர்கள். யசோதர காவியத்தில் மாவால் செய்த கோழியைப் பலியிட்ட பாவத்துக்கு அரசனும் அவன் தாயும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பிறவி பிறவியாக உழல்கிறார்கள். தனித்தனி நூல்களாகக் கிடந்தாலும் இவை ஒரே தொடரின் பகுதிகள். ஒன்றைக் கேட்டவர் அடுத்ததைக் கேட்காமல் இருக்க முடியாது.

கேட்டவர் என்று சொல்வதில் காரணம் உண்டு. இந்தக் கதைகளைத் தனியாக அமர்ந்து கண்ணால் ஓட்டுவது வழக்கமன்று. தெரிந்த ஒருவர் ஏட்டைப் பிரித்துப் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பார். குடும்பமும் அக்கம்பக்கமும் கூடிக் கேட்கும். இதற்குச் சிரவணம் என்று பெயர். ஏடு எழுதிக் கொடுப்பது சாத்திர தானம். உணவு, மருந்து, அபயம் ஆகிய மூன்றோடு சேர்த்து எண்ணப்படும் நான்காம் தானம் அது. கன்னட நாட்டில் அத்திமப்பை என்ற பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்துக்கு ஆயிரம் படி எடுப்பித்து வழங்கியது இந்தத் தானத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆனி மாதத்தை ஒட்டி வரும் சுருத பஞ்சமி அன்று நூல்களையே வைத்துப் பூசை செய்வார்கள். நம் நாட்டு வெக்கையிலும் ஈரத்திலும் பனையோலைக்கு ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும், ஓரம் உதிரும், துளைக் கயிறு ஓலையை அறுக்கும். எண்ணெய் பூசிக் கரி தடவி எவ்வளவு காத்தாலும் சில தலைமுறைக்குள் மறுபடி எழுதியே ஆக வேண்டும். எனவே ஓர் ஊரில் ஒரு நூல் இன்று இருக்கிறது என்றால், அங்கே தலைமுறைக்கு ஒருவராவது அதை விரும்பி உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று பொருள். மேல்சித்தாமூர் மடத்துச் சுவடிகளும், சுற்றிலும் வீடூர், பெருமண்டூர் போன்ற ஊர்களில் நயினார் வீடுகளில் இருந்த சுவடிகளும் அப்படி வந்தவை.

ஓலையோடு ஓவியமும் இருந்தது. திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் விசயநகரப் படைத்தலைவர் இருகப்பர் 1387-88இல் சங்கீத மண்டபம் கட்டினார். அதன் விதானத்தில் பின்னாளில் இடபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் கதைகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, கீழே தமிழில் குறிப்பும் எழுதினார்கள். எழுத்தறியாதவரும் தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்து தொடரைப் பார்க்கலாம்.

இந்தத் தொடர் முழுவதிலும் தமிழர் மிக விரும்பியதும், மிகக் கடுமையாகத் திட்டியதும் ஒரே நூலைத்தான். அது திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணி. இலம்பகம் என்னும் 13 பகுதிகள், 3,145 பாட்டுகள். பெரும்பாலான இலம்பகங்களுக்குப் பெண்ணின் பெயரே தலைப்பு; சீவகன் ஊர் ஊராகப் போய் ஒவ்வொருவராக மணம் செய்துகொள்வதால் மணநூல் என்றும் இதற்குப் பெயர் வந்தது.

கதை தொடங்குவதே பறக்கும் இயந்திரத்தில்தான். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் அரசி விசயையின் மேல் கொண்ட மயக்கத்தில் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிடுகிறான். அமைச்சன் கோட்டையை வளைத்துக்கொள்ளும் நாளுக்காக அரசன் மயில் வடிவில் ஒரு பொறி செய்வித்து வைத்திருக்கிறான். அதற்குள் அமர்ந்து விசையை வலப்பக்கம் திருகினால் மயில் மேகத்தைக் கிழித்து மேலே போகும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலை மடக்கி உட்காரும். கருவுற்ற விசயை அதை ஓட்டிப் பழகிக்கொள்கிறாள். வளைப்பு நாளன்று அவளை ஏற்றி அனுப்பிவிட்டு அரசன் போரிட்டு மாய்கிறான். வானத்தில் போகும்போதே பகைவனின் வெற்றி முரசு அவள் காதில் விழுகிறது. மயங்கிச் சாய்கிறாள்; மயில் சுடுகாட்டில் இறங்குகிறது; அங்கே சீவகன் பிறக்கிறான். இறந்த தன் பிள்ளையை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன் அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டு போகிறான்.

திருத்தக்கதேவரின் கை இங்கேதான் தெரிகிறது. மந்திரத்தால் மயில் பறந்தது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவரோ எந்தப் பக்கம் திருகினால் என்ன ஆகும் என்று சொல்கிறார்; அரசிக்குப் பயிற்சி கொடுக்கிறார்; பொறி பழுதாகி விழவில்லை, ஓட்டியவளின் நெஞ்சு உடைந்ததால்தான் இறங்கியது என்று காட்டுகிறார். கேட்பவர் பொறியை நம்பிவிடுகிறார். நம்பிய பின் அந்த முரசு ஒலி அவரையும் அடிக்கிறது. மிகுகற்பனைக் கதைக்கு இதைவிட நல்ல இலக்கணம் வேண்டாம்.

பிறகு வருபவையும் இந்த வகையே. அடிபட்டுச் சாகும் நாயின் காதில் சீவகன் ஐந்து பதங்கள் கொண்ட நமோகார மந்திரத்தை ஓதுகிறான். நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து வந்து நன்றி சொல்கிறது. இனிய குரல் பெறவும், நஞ்சு தீர்க்கவும், வேண்டிய வடிவம் எடுக்கவும் மூன்று மந்திரங்களை அவனுக்குக் கொடுக்கிறது. வெள்ளிமலையிலிருந்து வித்தியாதர மன்னன் மகள் காந்தருவதத்தை யாழ்ப் போட்டிக்காக மண்ணுலகத்துக்கு வருகிறாள். ஆண்களையே பார்ப்பதில்லை என்று சபதம் செய்த சுரமஞ்சரியின் மாடத்துக்குள் சீவகன் கிழவன் வேடத்தில் நுழைகிறான். கடைசியில் கட்டியங்காரனைக் கொன்று நாட்டை மீட்டு, மனைவியரோடு முப்பது ஆண்டு அரசாண்ட பிறகு ஒருநாள் சோலைக்குப் போகிறான். ஒரு கடுவன் தன் மந்திக்குப் பலாச்சுளை எடுத்துக் கொடுக்கிறது. காவல்காரன் ஓடி வந்து குரங்குகளை விரட்டிப் பழத்தைத் தான் தின்கிறான். பறி கொடுத்த மந்தி கட்டியங்காரன், பறித்துத் தின்பவன் நான் என்று சீவகனுக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டு இலம்பகங்களில் அவன் வென்றதெல்லாம் அந்த ஒரு பலாப்பழத்தில் முடிந்துபோகிறது. அவன் துறவு பூண்டு முத்தியடையும் இலம்பகத்தோடு நூல் நிறைகிறது.

இந்த நூலைப் பற்றிய கருத்து வேறுபாடு, நூல் எழுதும் முன்பே சமணருக்குள் தொடங்கிவிட்டதாக மரபுக் கதை. சமணர் துறவைப் பாடுவர், காதலைப் பாட அவர்களுக்கு வராது என்று மதுரைப் புலவர்கள் சொன்னார்களாம். திருத்தக்கதேவர் பாடிக் காட்ட விரும்பினார். அவருடைய ஆசிரியர் தயங்கி, அப்போது ஓடிய நரி ஒன்றைக் காட்டி அதைப் பாடச் சொன்னார். நிலையாமையைச் சொல்லும் நரிவிருத்தம் அப்படிப் பிறந்தது. பிறகே சிந்தாமணிக்கு இசைவு கிடைத்தது. பாடி முடித்ததும், அனுபவம் இல்லாமல் இவ்வளவு இன்பச் சுவை வருமா என்று சிலர் ஐயுற்றதாகவும், தேவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தம் தூய்மையைக் காட்டியதாகவும் சொல்வார்கள். எழுத்தில் உள்ளதை எழுதியவரின் வாழ்க்கையில் தேடும் வாசகர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அந்தக் கதையைச் சமணரே சொல்லி வந்தார்கள் என்பதில், தங்கள் நூலின் காதல் பகுதி பற்றி அவர்களுக்கே ஒரு தயக்கம் இருந்தது தெரிகிறது. ஆனாலும் அந்தப் பகுதிகளை அவர்கள் ஏட்டிலிருந்து நீக்கவில்லை. நீக்காததோடு, கூட்டியும் இருக்கிறார்கள். தேவர் பாடியவை 2,700. மீதி 445 கந்தியார் பாடிச் சேர்த்தவை என்பது வழிவழிச் செய்தி. கந்தி என்பது சமணப் பெண் துறவியைக் குறிக்கும் சொல். விரும்பிப் படித்தவர் எழுத்தாணியை எடுத்து நூலுக்குள்ளேயே எழுதியிருக்கிறார்.

சைவர்கள் சொன்ன கருத்து வேறு. உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணத்தில் அது வருகிறது. சோழ மன்னன் அநபாயன் சிந்தாமணியை மெய்யென்று எண்ணி வியந்து கேட்டுக்கொண்டிருந்தான். அமைச்சரான சேக்கிழார், இது பொய்க்கதை, இம்மைக்கும் மறுமைக்கும் உதவாது என்று இடித்துரைத்து, சிவனடியார் வரலாற்றைச் சொன்னார். பெரிய புராணம் பிறந்தது. அநபாயன் என்பது இரண்டாம் குலோத்துங்கன். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. இந்தச் செய்தி நடந்ததோ இல்லையோ, இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. ஒன்று, சைவ மன்னனின் அவையிலேயே சிந்தாமணி விரும்பிக் கேட்கும் கதையாக இருந்திருக்கிறது. இரண்டு, அதற்கு எதிராகச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு கவிதையைப் பற்றியதன்று. நடந்ததா இல்லையா என்பது பற்றியது. மெய்யடியார் வரலாறு இருக்கக் கற்பனைக் கதை எதற்கு என்பதே வாதம்.

அந்த வாதத்தைச் சமணர்களும் பிறர் மேல் வீசியிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. பிராகிருதத்தில் விமலசூரி எழுதிய பௌமசரியத்தில் சேணிக மன்னன் கௌதம கணதரரிடம் கேட்கிறான்: கும்பகருணன் ஆறு மாதம் தூங்கினான் என்பதும், குரங்குகள் அரக்கரை வென்றன என்பதும் நம்பக் கூடியவையா? இதற்கு விடையாகச் சமண இராமாயணம் விரிகிறது. அதில் அரக்கரும் வானரரும் வித்தியாதரக் குலத்தார். குரங்கு அவர்களுடைய கொடிச் சின்னம். இராவணனைக் கொல்பவன் இலக்குவன். ஏனென்றால் அவன் வாசுதேவன், இராவணன் அவன் கையால் மடிய வேண்டிய பிரதிவாசுதேவன். ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த தமிழ்ச் சமணக் குழந்தைக்கும் இராமாயணத்தின் முடிவு இதுதான். அரிபத்திரர் எழுதிய தூர்த்தாக்கியானம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஐந்து புரட்டர்கள் கூடி நடக்கவே முடியாத கதைகளைப் போட்டி போட்டுச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் இதிகாச புராணங்களிலிருந்தே சான்று காட்டப்படுகிறது. பிறர் கதையில் கற்பனையைக் கண்டு நகைத்தவர்கள், தங்கள் கதையில் மயிலைப் பறக்க விட்டார்கள். இதில் முரண் இல்லாமல் இல்லை. ஆனால் சமணர் தரப்பில் ஓர் ஒழுங்கு இருந்தது: பறப்பதானாலும் உருமாறுவதானாலும் அது விஞ்சையாலோ பொறியாலோ வினையாலோ வர வேண்டும், எந்தக் கடவுளும் நினைத்தவுடன் எதையும் செய்துவிட முடியாது. கற்பனைக்கு விதி வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை.

இத்தனைக்கும் நடுவில் சித்தாமூர் வருகிறது. மதுரையைச் சேர்ந்த நச்சினார்க்கினியர் சைவர். தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் கலித்தொகைக்கும் உரை கண்டவர். அவர் சிந்தாமணிக்கு முதலில் ஓர் உரை எழுதிச் சமண அறிஞர்களிடம் காட்டினாராம். சமயக் கருத்துகள் பிழைபட்டிருக்கின்றன என்று அவர்கள் அதை ஏற்கவில்லை. உடனே அவர் சமணராக வேடம் பூண்டு சிற்றாமூர் மடத்துக்கு வந்து, சில காலம் தங்கி, அவர்கள் நூல்களையும் ஆசாரங்களையும் கற்றுக்கொண்டு போய், முழு உரையையும் புதிதாக எழுதினார். அந்த இரண்டாம் உரையைச் சமணர் மகிழ்ந்து ஏற்றார்கள். இது செவிவழிச் செய்தி. ஆயினும் சமணர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிச் சொன்னது. சேக்கிழார் பற்றிய செய்திக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் வருபவர்கள் சைவப் பெருமக்கள். ஒருவர் நூலை மூடச் சொன்னார். மற்றவர், தமக்கு விளங்காதது நூலின் குற்றமன்று என்று கருதி, அந்த நூலுக்குரியவர்களின் ஊருக்கே வந்து உட்கார்ந்து கற்றார். வாசகர் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையவர் இரண்டாமவரே.

அவருடைய உரையிலும் குறை உண்டு. ஒரு பாட்டில் உள்ள சொல்லைப் பிடுங்கி எங்கோ உள்ள சொல்லோடு சேர்த்துப் பொருள் கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. பல இடங்களில் அது பாட்டை முறிக்கிறது. ஆனால் சமணக் கருத்து வரும் இடங்களில் அவர் காட்டும் நிதானமும், கதையின் முன்பின் தொடர்பை நினைவூட்டிக்கொண்டே போகும் கவனமும், பழந்தமிழ் நூல்களிலிருந்து அவர் தரும் மேற்கோள் குவியலும் வேறு எந்தத் தமிழ்க் காப்பிய உரையிலும் இந்த அளவுக்கு இல்லை.

அதன் பிறகு செஞ்சி வட்டாரத்துக்கு நெடிய போர்க்காலம். செஞ்சியை ஆண்ட ஒருவன் சமணரைத் துன்புறுத்தினான், பலர் திருநீறு பூசிச் சைவராக வெளித்தோற்றம் காட்டி உயிர் பிழைத்தனர், வீரசேனாசாரியர் என்பவர் சிரவணபெளகொளாவுக்குச் சென்று திரும்பி வந்து அவர்களை மீண்டும் சமணராக்கினார், தாயனூர்க் காங்கேய உடையார் அவருக்குத் துணை நின்றார் என்று சமணரிடையே ஒரு நினைவு வழங்குகிறது. நாயக்கர் காலத்துக்குப் பின் கோட்டை பிஜப்பூருக்குப் போனது. 1677இல் சிவாஜி பிடித்தார். 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்ட இளம் மன்னன் தேஜ்சிங், தேசிங்குராஜன் என்ற பெயரில் கதைப்பாட்டின் நாயகன் ஆனான். வேறு யாராலும் அடக்க முடியாத அவனுடைய குதிரையும், உயிர்த் தோழன் மோவுத்துகானும் பெரிய எழுத்துப் புத்தகங்களின் வழியே தமிழ்நாடு முழுவதும் போனார்கள். கோட்டை வாசலில் பிறந்த கதை அது. கோட்டைக்குச் சில கல் தொலைவில், வயல் நடுவே, நயினார் வீடுகளில் அப்போதும் படித்துக்கொண்டிருந்தது சீவகன் கதையை. கோட்டை கை மாறிய ஒவ்வொரு முறையும் படைகள் இந்த ஊர்களின் வழியாகத்தான் போய் வந்தன. ஓலைகள் தப்பின.

19ஆம் நூற்றாண்டில் வெளியுலகம் சிந்தாமணியை ஏறக்குறைய மறந்துவிட்டது. 1868இல் பவர் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டார். அந்தாதியும் கலம்பகமும் தலபுராணமும் படித்தவர்தான் அன்று புலவர். சைவ மடமான திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையரும் அப்படித்தான் இருந்தார். 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். படித்த நூல்களை எல்லாம் ஐயர் அடுக்கிச் சொன்னபோது முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டு, ஒரு கையெழுத்துப் படியையும் பிறகு கொடுத்தார். ஐயருக்குச் சொல் புரிந்தது, உலகம் புரியவில்லை. அந்தக் கதை நடக்கும் வெள்ளிமலையும் வினையும் பிறவிக் கணக்கும் அவர் படித்த எந்த நூலிலும் இல்லை.

கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சந்திரநாத செட்டியார் என்பவரின் வீட்டுக்குப் போனார். வாசலில் மாக்கோலம், நிலையில் மாவிலைத் தோரணம். ஏதோ கல்யாணமோ பண்டிகையோ என்று எண்ணி விசாரித்தார். ஆறு மாதமாகச் சிந்தாமணி சிரவணம் நடந்ததாகவும் அன்றுதான் அது பூர்த்தியானதாகவும் வீட்டார் சொன்னார்கள். ஊரெல்லாம் புலவர்கள் படிக்காத ஒரு நூல், அங்கே ஒரு வணிகர் வீட்டில் மணவிழாவைப் போல நிறைவு கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பொருள் சொன்னவர் வீடூர் அப்பாசாமி நயினார். வீடூர் திண்டிவனத்துக்கு அருகே, சித்தாமூரின் வட்டத்துக்குள் இருக்கும் ஊர். நச்சினார்க்கினியர் தேடிப் போன அறிவு இந்த முறை கும்பகோணத்துக்கே வந்திருந்தது.

ஐயர் நாள்தோறும் அவர்களிடம் போய்க் கேட்டார். சந்தேகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்பார். அவர்கள் ஸ்ரீபுராணத்தையும் பிற நூல்களையும் காட்டி விளக்குவார்கள். கேள்விகளின் நுட்பத்தைக் கண்டு, வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்மணி, இவர் பவ்வியர் போலிருக்கிறதே என்று வியந்தார். முத்தி பெறும் பக்குவம் உள்ள உயிருக்குச் சமணர் வழங்கும் பெயர் பவ்வியர். உள்ளே வேலை செய்துகொண்டே ஆறு மாதப் பாடத்தையும் காதில் வாங்கிய அந்த அம்மையாரின் மதிப்பீட்டைப் பெரும் புலவர்களின் பாராட்டைவிட உயர்வாக ஐயர் கருதினார். அறுபது ஆண்டு கழித்துத் தம் வரலாற்றை எழுதும்போதும் அதை மறக்கவில்லை.

சைவ மடத்துப் பிள்ளை சமண நூலைப் பதிப்பிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. முன்பு சேக்கிழாரின் வாயில் வைத்த வாதம்தான் அது. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அதைப் பொருட்படுத்தாமல் ஐயருக்குத் துணை நின்றார். 1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக அச்சில் வந்தது. உரையில் பெயர் சொல்லாமல் கிடந்த மேற்கோள்கள் எந்த நூல்களைச் சேர்ந்தவை என்று தேடிய தேட்டம் ஐயரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பில் வந்தன. பொய்க்கதை என்று ஒதுக்கச் சொன்ன நூல்தான் பண்டைத் தமிழின் கதவைத் திறந்தது.

அச்சு வந்தபின் சமணரும் தம் நூல்களைத் தாமே பதிப்பிக்கத் தொடங்கினார்கள். அதே வீடூரில் 1880இல் பிறந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் மேருமந்தர புராணத்தையும், 1936இல் சமய திவாகர வாமன முனிவர் உரையோடு நீலகேசியையும் வெளியிட்டார். தமிழ்ச் சமண இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1941இல் உலகுக்குத் தந்தார். புத்தகம் கைக்கு வந்ததும் ஆறு மாதம் கூடியிருந்து கேட்கும் வழக்கம் தளர்ந்தது. ஓலை எழுதுவோர் இல்லாமல் போயினர். மடத்திலும் வீடுகளிலும் மிஞ்சிய சுவடிகளில் சில நூலகங்களுக்குச் சென்றன. எழுதிப் புதுப்பிக்கும் சங்கிலி அறுந்ததால் மிஞ்சியவற்றுக்கு இனிப் புதிய படி கிடையாது.

தமிழில் ஒரு மிகுகற்பனைக் கதையைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியவற்றில் மிக நீண்டதும் மிகச் சிறந்ததும் சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையே. தமக்குச் சொந்தமில்லாத சமயத்தின் கதையை, அதற்கு உரியவர்கள் ஒப்பும்படி, 3,145 பாட்டுகளுக்கும் விடாமல் அவர் வாசித்திருக்கிறார். அந்த உரை முழுமையாகக் கிடைக்கிறது.